புடவைக் கடை வரை புகழ் பெற்ற கடவுச்சொல்

மரகதவல்லியின் மின்னஞ்சலைப் பல்லாண்டு தனியே காத்துவந்த கடவுச்சொல்லுக்கு, அவருடைய பழைய பட்டன் போனைக் கண்டாலே வயிறு எரிந்தது. இப்போதெல்லாம் அந்தப் போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணையும் சொன்னால்தான் கதவு திறந்தது.

"புடவைக் கடை, ரயில் முன்பதிவு என்று எல்லா இடத்திலும் அம்மா என்னைத்தான் சொல்கிறார். உன்னை யாருக்கடா தெரியும்?" என்றது கடவுச்சொல்.

"யாருக்கும் தெரியாது, அண்ணே," என்றது போன்.

ஒருநாள், புடவைக் கடையின் கணினியிலிருந்து கடவுச்சொல்லைத் திருடிய ஒருவன் வந்து, அதைப் பிழையின்றிச் சொன்னான். கடவுச்சொல் பெருமையோடு வழிவிட்டது.

"என்னிடம் வந்த எண் என்ன?" என்று போன் கேட்டது. அவன் திருதிருவென விழித்து நழுவினான்.

செய்தி அறிந்த மரகதவல்லி உடனே கடவுச்சொல்லை மாற்றினார். வெளியேறும்போது அது, புதிதாக வந்த கடவுச்சொல்லின் காதில் ஓதியது: "தம்பி, அந்தப் போனிடம் எச்சரிக்கையாக இரு. என் வேலைக்கு உலை வைத்தவன் அவன்தான்."