ஐந்தே எழுத்தில் ஓர் எண்

"செத்தவரு போட்டியில கலந்துக்கக் கூடாதுன்னு விதி எதாவது இருக்கா, வாத்தியாரே?"

ஒட்டிய உறையை நீட்டியபடி கேட்டாள் ஹிசாயே அக்கா. மன்றத்தில் இருந்த பதினாலு பேரும் குராமொச்சி வாத்தியாரைப் பார்த்தோம்.

எங்கள் ஊர் கனஸாவாவில் கணக்கு மன்றம் இலையுதிர் காலந்தோறும் நடத்தும் போட்டி. ஐந்தே எழுத்தில் எவ்வளவு பெரிய எண்ணை எழுத முடியும்? இலக்கமோ குறியோ, எது வேண்டுமானாலும் போடலாம். ஆனால் எண்ணுக்கு முடிவு இருக்க வேண்டும், முடிவில்லாதது தள்ளுபடி. ஜெயித்த தாளை மட்டும் பலகையில் எழுதிக் காட்டுவோம்.

பதினோரு வருஷமாக ஜெயிப்பவரும் வாத்தியார், நடுவரும் வாத்தியார். அது எப்படி என்று முதல் வருஷம் ஒருவன் கேட்டான். அன்றிலிருந்து டீ போடும் வேலை எனக்கு.

பதினோரு வருஷமும் இரண்டாவதாக வந்தவர் அக்காவின் புருஷன் யசுமாசா. போன வசந்தத்தில் போய்விட்டார்.

"எட்டு மாசம் இந்த ஒரு தாளைக் கட்டிக்கிட்டுதான் உக்காந்திருந்தாரு. சாப்பிட மறந்தாரு. என் பேரக்கூட மறந்தாரு. டாக்டரு மறதி நோயின்னாரு. யோசனையில இருக்கிற மனுஷன எனக்குத் தெரியாதா? 'இந்த வாட்டி குராமொச்சி காலி'ன்னு சொல்லி ஒட்டிக் குடுத்தாரு. நான் பிரிக்கவே இல்ல."

வாத்தியார் பிரித்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"தள்ளுபடி."

"என்னது?"

"இதுக்கு முடிவே இல்லம்மா. எண்ணிக்கிட்டே போகுது. விதிப்படி இது செல்லாது."

"பலகையில எழுதும்யா, நாங்களும் பாக்கறோம்!" என்று கத்தினார் ரயில்வே ஒகுடா.

"ஜெயிச்சதத்தான் எழுதறது."

சொல்லிக்கொண்டே தாளை நாலாகக் கிழித்தார். சுவரில் தொங்கிய தன் கோட்டுப் பைக்குள் போட்டார்.

"அடப்பாவி! செத்தவன்கிட்டகூட ஒரு தடவ தோக்க மனசு வரலியே உனக்கு!" ஒகுடா மேசையைத் தட்டினார். மற்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

சத்தம் அடங்கும்வரை அக்கா அசையவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"முடிவே இல்லியா? அவ்ளோ பெருசா?"

"ஆமாம்மா. என்னால எட்டிப் பிடிக்க முடியல."

"அப்போ அவருக்கு மறதி நோயில்ல."

"இல்லம்மா."

"அவரு கையெழுத்தக் கிழிச்சிட்டீங்களே! இனி உங்க முகத்துல முழிக்க மாட்டேன். பொறாம புடிச்ச மனுஷா!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து படியிறங்கிப் போனாள்.

பன்னிரண்டாவது முறையாக வாத்தியாரே ஜெயித்தார். ஒருத்தரும் கைதட்டவில்லை. நானும் அவர் கோப்பையை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களுக்கு டீ ஊற்றினேன். காலிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தார்.

அவர் கழிவறைக்குப் போன நேரம் பார்த்து, அந்தக் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். எழுபத்தெட்டு வயதாகியும் திருந்தாத கை.

நாலு துண்டையும் மேசைமேல் சேர்த்து வைத்தேன்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல, கோணல் மாணலாக, ஐந்தே எழுத்து:

1 2 3 4 5