நான்காவது விசில்

விசில் இன்னும் சற்றுத் தடித்திருந்தது.

அவள் ஃபில்டரின் குமிழை ஒரு மயிரிழை திருப்பினாள். ஸ்பீக்கரைப் பெரிய அலுமினியச் சட்டிக்குள் கவிழ்த்தாள். மறுபடியும் ஊதவிட்டாள்.

இப்போது சரி. குக்கரேதான்.

அடுப்பு பற்றவைக்கப்படவில்லை.

"ஏ புள்ள." கூடத்திலிருந்து குரல். "என்ன, சாம்பாரா?"

"ஆமாங்க. கத்திரிக்கா."

"உப்ப பாத்துப் போடு. நான் இல்லேன்னு கைக்கு வந்தத அள்ளிப் போடாத."

கூடத்தில் யாரும் இல்லை. டிவிக்கு மேலே ஒரு வெள்ளை உருண்டை. அதற்குக் கண் உண்டு, காது உண்டு, வாயும் உண்டு. கத்தாரில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடி அவள் கணவன் அதன் வழியே பார்ப்பான், கேட்பான், பேசுவான்.

பாதுகாப்புக்காக மாட்டியது.

வாசற்கதவு அதன் கண்ணில் படும். சமையலறை படாது. ஆனால் காதில் விழும்.

ஒருமுறை விசாரித்துவிட்டால் போதும். அப்புறம் சமையலறையில் ஓசை கேட்டுக்கொண்டிருக்கும்வரை அவன் கூப்பிடுவதில்லை. ஓசை நின்று பத்து நிமிடமானால் கூப்பிடுவான். பதில் வராவிட்டால் அடுத்த தெருவிலிருந்து அவனுடைய அண்ணன் பைக்கில் வந்து நிற்பார்.

இன்டர்வியூ பதினொரு மணிக்கு. பாலிடெக்னிக்கில், மின்னணு ஆய்வகத்துக்கு ஓர் உதவியாளர். போகவும் பேசவும் திரும்பவும் ஒன்றரை மணி நேரம்.

கேட்டுப் பார்க்காமல் இல்லை. அவனிடம் கேட்டாள்.

"வேலைக்குப் போயித்தான் ஆவணுமா? ஒனக்கு வீட்ல என்ன கொற?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அரிசி டின்னுக்குப் பின்னால் ஐந்து தகடுகள். பிஸ்கட் டின் மூடிகளை வெட்டி, ஓட்டை போட்டு, அவளே சாலிடர் வைத்தவை. ஒரு தகடு சுரம் எழுப்பும். இன்னொன்று கொதிக்கிற தண்ணீர்போல இரையும். அந்த இரைச்சலை வடிகட்ட ஒன்று, அளவாகத் திறந்து மூட ஒன்று. கடைசித் தகட்டில் ஒரு பெரிய கெபாசிட்டர். அதில் மின்சாரம் மெல்ல நிரம்பும். நான்கு நிமிடத்தில் வழியும். வழிந்தால் விசில்.

தகட்டுக்குத் தகடு ஒயர்கள். எந்த ஒயரை எங்கே செருகுகிறோமோ, அந்தச் சத்தம்.

சின்தசைஸர். அவள் கட்டிய முதலாவது.

கட்டத் தொடங்கியபோது பாட்டு வாசிக்கத்தான் நினைத்திருந்தாள்.

போனில் பதிவு செய்து ஓடவிடலாம். ஆனால் போனில் என்ன ஓடினாலும் அவனுக்குத் தெரியும். போனைச் சார்ஜில் போட்டு மேடையிலேயே வைத்தாள். ஃபைலை எடுத்துக்கொண்டாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

கொல்லைக் கதவு முனகவில்லை. நேற்றே எண்ணெய் விட்டிருந்தாள்.

பின்னால் முதல் விசில் ஊதியது. அவளுக்கே உலை வைத்துவிட்டு வந்ததுபோல இருந்தது.

பேருந்து சீக்கிரமே வந்தது.

"எங்கம்மா?"

"பாலிடெக்னிக்."

கண்டக்டர் மகளிர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். இடம் இருந்தது. அவள் உட்காரவில்லை. படிக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்து நின்றாள்.

கடைத்தெரு தாண்டியது. இரண்டாவது ஊதியிருக்கும்.

பெட்ரோல் பங்க் தாண்டியது. மூன்றாவது.

அவளுடைய வலது கை கம்பியை விட்டு, தானாக எழுந்து, காற்றில் எதையோ திருகியது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

சோதித்த நாளெல்லாம் இப்படித்தான். மூன்றாவது விசில் வந்ததும் இந்தக் கையே போய் அணைத்துவிடும். குக்கரை அணைப்பதுபோல. நான்காவது வருமா என்று அவள் ஒருநாளும் நின்று கேட்டதில்லை. மூன்று மாதம் விசிலின் குரலைச் சரிபார்த்தாள். எண்ணிக்கையை விட்டுவிட்டாள்.

கெபாசிட்டருக்கு எண்ணத் தெரியாது. நிரம்பும், வழியும். நிரம்பும், வழியும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு இருபத்திரண்டு விசில்.

எந்த வீட்டுக் கத்திரிக்காய் சாம்பாருக்கு இருபத்திரண்டு விசில்?

பேருந்து நின்றது. எதிர்த்திசையில் இன்னொரு பேருந்தும் நின்றுகொண்டிருந்தது. அதில் ஏறினால் பத்து நிமிடம். கொல்லை வழியாக ஓடி, அணைத்து, "கண்ணசந்துட்டேங்க" என்று சொல்லிவிடலாம். அவன் திட்டுவான். அதோடு முடிந்துவிடும்.

ஒரு கால் கீழ்ப்படியில் இருந்தது.

"எறங்குறதா இருந்தா எறங்கும்மா. படியில நின்னு என்ன ரோசனை?"

"வீட்ல அடுப்ப அணைக்காம வந்திருக்கும்ண்ணே," பின்னிருக்கையில் ஒருத்தி சிரித்தாள். "மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே."

எதிர்ப் பேருந்து புறப்படத் தயாராக உறுமியது.

"அடுப்பெல்லாம் பத்தவே வைக்கலக்கா," என்றாள் அவள்.

காலை மேலே எடுத்தாள். உள்ளே தள்ளிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

நான்காவது இந்நேரம் ஊதியிருக்கும்.

ஃபைலைத் திறந்தாள். மதிப்பெண் பட்டியல் இருந்தது. டிப்ளமோ சான்றிதழ் இருந்தது. விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் காலி. சொந்தமாகச் செய்த கருவிகள் ஏதேனும் இருப்பின் விவரம் தருக.

எழுதலாமா என்று இரண்டு வாரமாக யோசித்து, விட்டு வைத்திருந்தாள்.

பேனாவை எடுத்தாள். பேருந்து குலுங்கியது. எழுத்து கோணியது. மடியில் ஃபைலை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினாள்.

சின்தசைஸர் – ஒன்று. இயங்கும் நிலையில் உள்ளது.