கூண்டு வண்டி பார்க்கிறார்கள்

ரங்கூன் பசுண்டாங் ஓடைக்கரையில் விற்பனைக்கு நிற்கும் கூண்டு வண்டிகள்மேல் இளவெயில் விழுகிறது. தையல் மெஷினோடு ஊர் ஊராகப் போய், இனி வண்டியிலேயே குடியிருக்கப்போகிற ராஜரத்தினம் பெரிய வண்டியின் சக்கரத்தைத் தட்டிப் பார்க்கிறான். "நல்ல தேக்கு, சொர்ணம். இதையே எடுப்போம்." மனைவி சொர்ணம்மாள் உள்ளே ஏறி, ஒரு பழஞ்சேலையைக் கூண்டின் மூங்கில் வளைவில் கட்டி, தன் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்குகிறாள். வளைவு கிறீச்சிடுகிறது. இறங்கி, பக்கத்துச் சின்ன வண்டியில் ஏறி அதேபோல் கட்டித் தொங்குகிறாள். சத்தமே இல்லை. என்ன நிதானம் அந்த முகத்தில்! "வண்டி வாங்க வந்தியா, ஊஞ்சலாட வந்தியா?" என்று சிரிக்கிறான் அவன். அவள் வெறும் சேலையை மெல்ல ஆட்டிவிடுகிறாள். "இதையே எடுங்க. தூளி தாங்கும்." சக்கரத்தின்மேல் அவன் கை அப்படியே நிற்கிறது.