பம்பருக்கு அடியில்

"என்னங்க! ஓடி வாங்க! இங்க வந்து இதப் பாருங்க!"

பாக்கியமேரி போட்ட சத்தத்தில் சமயநல்லூரில் அந்தத் தெருவே எட்டிப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குக் கிளம்புகிற நேரம். மகள் டயானாவின் கம்மல் கழன்று, வாசலில் நின்ற புது ஏழு சீட்டு வண்டிக்கு அடியில் உருண்டுவிட்டது. அதை எடுக்கக் குனிந்தவள்தான் கண்டாள்.

முன்பக்கப் பம்பருக்கு உள்ளே ஒரு எலுமிச்சம்பழம். நாலு பச்சைமிளகாய், ஒரு கரித்துண்டு. எல்லாம் கறுப்புக் கயிற்றில். பழத்தில் குங்குமம் வேறு!

"ஐயோ மாதாவே! யாரோ செய்வினை வச்சுட்டாகளே!"

கணவர் மைக்கேல்ராஜ் வாத்தியார் சட்டைப் பட்டனைப் போட்டபடி வந்தார். பார்த்தார். முழித்தார்.

"திருஷ்டிக்குக் கட்டியிருப்பாங்க மேரி. லாரி, வேன் எல்லாத்துலயும் தொங்குதுல்ல?"

"அதெல்லாம் ஊரு பாக்கத் தொங்கும். இது எதுக்கு உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கு? பங்குச் சாமியார் வந்து செபம் பண்ணி மந்திரிச்சுக் குடுத்த வண்டிங்க இது! தெருவுல செபக் கூட்டம் நடத்துற அன்பியத் தலைவர் வீட்டு வண்டி! இதுல போயி..."

"மெக்கானிக் எவனாச்சும் கட்டியிருப்பான்."

"வண்டி இன்னும் சர்வீசுக்கே போகலயே!"

"அப்பக் கழுவ வந்தவன்..."

"கழுவுறதே நீங்கதானே!"

வாத்தியார் அடுத்த பட்டனைத் தேடினார்.

வாங்கி ஒரு மாசம்தான் ஆகிறது. அதற்குள் ஆரப்பாளையத்தில் ஆட்டோ உரசியது. பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்தது. டயர் இரண்டு தடவை பஞ்சர். 'அம்புட்டுக்கும் இதுதான் காரணமா?' பாக்கியமேரிக்குத் தலை சுற்றியது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அன்னக்கொடியும் அவள் புருஷன் சின்னச்சாமியும் வந்து நின்றார்கள். சின்னச்சாமிக்குக் கிட்னி பழுது. செவ்வாயும் வெள்ளியும் மதுரையில் டயாலிசிஸ். பள்ளிக்கூடம் போகிற வழியில் வாத்தியார்தான் இந்த வண்டியில் ஏற்றிப்போய் ஆஸ்பத்திரியில் விடுவார். பஸ்ஸில் நெரிபட்டுப் போன மனுசன், இந்த ஒரு மாசமாகத்தான் சாய்ந்து உட்கார்ந்து போகிறார்.

பாக்கியமேரி விடுவதாக இல்லை. வண்டிக்குள் தொங்கிய செபமாலையைக் கழற்றி எடுத்துவந்தாள்.

"மொதல்ல நம்ம வீட்டுலருந்தே ஆரம்பிப்போம். டேய் ஜினோ, இதத் தொட்டுச் சொல்லு. நீ கட்டுனியா?"

"சத்தியமா இல்லம்மா."

"டயானா?"

"சத்தியமா இல்ல."

"நீங்களும் தொட்டுச் சொல்லிருங்க. பிள்ளைக சொல்லிருச்சுக, பெரியவுகளும் சொல்றதுதான் முறை."

வாத்தியார் மெதுவாகக் கையை நீட்டினார்.

"நாந்தான் மேரி கட்டுனேன்."

எல்லோரும் திரும்பினார்கள். சொன்னது அன்னக்கொடி.

சின்னச்சாமி பொண்டாட்டியை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? முட்டுவலியில ஒனக்குக் குனியவே முடியாதேடி!"

"செத்த சும்மா இருங்க! கண்ணு பட்டுறக் கூடாதேன்னுதான் மேரி..."

"எங்களுக்கு மாதா இருக்காகக்கா! ஏறுற வண்டிக்கே கயிறு கட்டியிருக்கீகளே, என்ன மனசுக்கா ஒங்களுக்கு? இனிமே எங்க வண்டிப் பக்கமே வராதீக!"

"இம்புட்டு ஒதவி செஞ்சவுகளுக்குப் போயி..." என்று தெரு முணுமுணுத்தது.

அன்னக்கொடி புருஷன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அங்கே இருந்தவர்களிலேயே அதிகமாகக் குழம்பி நின்றது வாத்தியார்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் சின்னச்சாமி கம்பத்தில் சாய்ந்து நின்றார். பக்கத்தில் அன்னக்கொடி. ஏழு சீட்டு வண்டி ஓரமாக வந்து நின்றது. உள்ளே வாத்தியார் மட்டும்.

"ஏறுங்கக்கா."

"வேணாம் தம்பி. மேரிக்குத் தெரிஞ்சா வீணா சண்ட வரும்."

வாத்தியார் இறங்கி வந்தார்.

"எனக்கு ஒண்ணுமே புரியலக்கா. அதக் கட்டுனது நானு. அடுத்தடுத்து அடிபடவும் பயந்துபோயி, ஒருத்தருக்கும் தெரியாம விடியமுன்ன எந்திரிச்சுக் கட்டுனேன். நீங்க ஏங்க்கா பழிய ஏத்துக்கிட்டீக?"

"நீங்க கட்டுறத வாசல் தெளிக்கயில பாத்தேன் தம்பி."

"பாத்தீகளா? அப்ப அங்கேயே சொல்லியிருக்கலாம்ல?"

பஸ் வந்துவிட்டது. நல்ல கூட்டம். அன்னக்கொடி புருஷனைத் தாங்கிப் பிடித்து ஏற்றினாள். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"பிள்ளைக ரெண்டும் ஒங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னுச்சுக. ஒங்க சாமி மாலையத் தொட்டு, அதுக முன்னால நீங்க பொய் சொல்லிறக் கூடாதேன்னுதான் தம்பி நான் முந்திக்கிட்டேன்."