லினக்ஸே போதும்

கணவன் புதுப் போன் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான்.

“இனிமேலாவது அந்த லினக்ஸ் போனை ஓரங்கட்டு. பேங்க் ஆப் கிடையாது. டாக்ஸி கூப்பிடவும் ஆப் கிடையாது.”

“பேங்க் வேலையை பிரவுசர்லயே முடிச்சுடறேன். மேப்புக்கு நல்ல ஆப் ஒண்ணு தேடிப் புடிச்சுட்டேன்.” மனைவி போனிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

“டாக்ஸிக்கு?”

“அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே.”

“நக்கலா? ஒரே ஒரு ஆப்புக்காக அதைக் கட்டிக்கிட்டு அழறே. அதே மாதிரி ஆப் இந்தப் புதுசுலயும் இருக்குன்னு கடைக்காரர் சொன்னாரு.”

“அதே மாதிரின்னா அது ஆயிடுமா? என்னோடது லினக்ஸ்லதான் ஓடும். நான் மாத்தறதா இல்லை. நீங்க தலைகீழா நின்னாலும்...”

பேச்சு பாதியில் நின்றது. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அவள் உதடுகள் அசைந்தன, ஒலி வரவில்லை. தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, அவள் தட்டச்சு செய்வதையெல்லாம் போன்தான் பேசுகிறது. முன்கூட்டியே அவள் பதிவு செய்து வைத்த சொந்தக் குரலில் பேசுகிறது. புதுப் போனும் பேசும். ஆனால் அதில் யாரோ ஒருத்தியின் குரல் வரும்.

கடவுள் மிச்சம் வைத்த குரல் இது என்பது, வீடு நிசப்தமான அந்தக் கணத்தில்தான் அவனுக்கு உறைத்தது. சார்ஜரைத் தேடி எடுத்து வந்து செருகிவிட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

திரை ஒளிர்ந்தது.

“எங்க விட்டேன்?” என்றது அவள் குரல்.

“என்னைத் திட்டிக்கிட்டிருந்தே. நிறுத்தாம திட்டு” என்றான், புதுப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு.