கழித்தலில் வந்த பிழை

“தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா மாப்பிள்ளை? வயிறு இப்ப பானை மாதிரி நிக்குது!”

மருத்துவமனைக் கட்டிலருகே நின்று பொரிந்து தள்ளினார் தச்சரின் மனைவியின் அண்ணன். படுத்திருந்த தச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“குடியை விட்டு ஒரு வருஷமாச்சுண்ணா,” என்று மூக்கைச் சிந்தினாள் மனைவி. “அதுக்கப்புறமும் தொட்டிருக்கார்னு ரிப்போர்ட்ல வரட்டும். பிள்ளைங்களோட உன் வீட்டுக்கு வந்துடறேன்.”

“ஐயோ, என் வீடு தாங்காது! என்னைப் பாரு, ஒரு சொட்டுத் தொட்டதில்லை. உடம்பு கல்லு மாதிரி இருக்கு.”

அப்போது மருத்துவர் இரண்டு தாள்களுடன் உள்ளே வந்தார். அவர் முகத்தில் குழப்பம் தெரிந்தது.

“இவரோட ரத்தத்துல புரதம் எவ்வளவு, வயித்துல கோத்திருக்கிற தண்ணியில எவ்வளவுன்னு பார்த்தோம். அதுல இருந்து இதைக் கழிச்சா, கோளாறு எங்கேன்னு பிடிபடும். இங்கே கழிச்சா மைனஸ் வருதே!”

“அப்படி வரக்கூடாதா டாக்டர்?” என்றாள் மனைவி.

“ரத்தத்துல இருந்து கசிஞ்ச தண்ணியில, ரத்தத்தைவிடப் புரதம் கூடுதலா எப்படியம்மா இருக்கும்? மறுபடி ரத்தம் எடுக்கணும்.”

“கண்ணை மூடிக்கிட்டு வேலை பார்த்தா இப்படித்தான்!” என்று ஆய்வகத்தைச் சாடிய அண்ணன், “நான் ஒரு காபி குடிச்சுட்டு வரேன்,” என்று நழுவினார்.

மருத்துவர் தம் கையாலேயே ரத்தம் எடுத்தார். தச்சருக்கு முகம் வெளுத்தது.

மாலையில் மருத்துவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“கல்லீரல் இல்லம்மா. இதயம் கொஞ்சம் சோர்ந்திருக்கு, ஸ்கேன்லயும் பார்த்தாச்சு. மாத்திரையிலேயே வயிறு வத்திடும்.”

பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் சொல்ல மனைவி வெளியே ஓடினாள். மருத்துவர் தச்சரின் பக்கத்தில் அமர்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஆய்வகத்துல தப்பே நடக்கலை. நேத்து கீழே உங்க பேரைக் கூப்பிட்டப்போ, கையை நீட்டினது யாரு?”

தச்சர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

“போன வாரம் ஒரு விருந்துல, ஒரே ஒரு கிளாஸ்... ரத்தத்துல தெரிஞ்சுடும்னு பயந்துட்டேன் டாக்டர். தங்கச்சி குடும்பம் உடையக்கூடாதுன்னு, ‘என் ரத்தம் சுத்தம் மாப்பிள்ளை, நான் கொடுக்கறேன்’னு மச்சான்தான் போய் உட்கார்ந்தார். அவரைத் திட்டிடாதீங்க!”

“திட்டலை. எங்கே இருந்தாலும் அவரை உடனே கூப்பிடுங்க,” என்று எழுந்தார் மருத்துவர். “அந்த ரத்தத்துல புரதம் குறைஞ்சு கிடந்ததாலதான் மைனஸ் வந்துது. மத்த சோதனைகளையும் பார்த்துட்டேன். கல்லீரல் கெட்டுப்போயிருக்கறது அவருக்குத்தான்.”