பூமிக்காக ஒரு மீட்டிங்

"எல்லாரும் கேமராவை ஆஃப் பண்ணிடுங்க. ஆளுக்குக் கொஞ்சம் கரன்ட் மிச்சமானாலும் பூமிக்கு நல்லதுதானே" என்று ஆன்லைன் மீட்டிங் தொடங்கியதுமே மேனேஜர் சொன்னார். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் புரோகிராமருக்கு, அவர்மேல் முதல்முறையாக மரியாதை பிறந்தது.

பூமியின்மேல் கொண்ட அக்கறையில் உடனே கேமராவை அணைத்தார். மீட்டிங்கைப் போனுக்கு மாற்றி, இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு, நேராகத் தெருமுனை சலூனுக்குப் போய் உட்கார்ந்தார்.

"வேலை நேரத்துல வந்திருக்கீங்களே சார்?" என்றார் சலூன்காரர்.

"வேலையிலதான் இருக்கேன். நீங்க பாட்டுக்கு வெட்டுங்க."

காதில் மேனேஜர் முழங்கிக்கொண்டிருந்தார். "தேவையில்லாம எதையும் பிரின்ட் எடுக்காதீங்க. எழுந்து போறப்ப மானிட்டரை அணைச்சிட்டுப் போங்க. நான்கூட இப்ப லைட் போடாம, வீட்டு ஜன்னலோரமா உட்கார்ந்துதான் பேசிட்டிருக்கேன்."

"காதுல என்ன சார், பாட்டா?"

"எங்க மேனேஜர். வாயைத் திறந்தா மூடவே மாட்டார்."

பக்கத்து நாற்காலியில் முகம் முழுக்க ஷேவிங் நுரையோடு சாய்ந்திருந்தவர் மெல்லத் திரும்பினார்.

"மூடிட்டுதான்யா இருக்கேன்" என்றார், காதில் கேட்ட அதே குரலில். "அது நேத்தே ரெக்கார்ட் பண்ணி வெச்சது."